கொல்லையில் மிஞ்சியது

இந்த வருஷம் மார்கழி பிறந்தது முதல் எங்கள் வீட்டில் காய்கறிக்கென்று ஒரு காசு செலவில்லை. எலவனாசூர்கோட்டையில் எனக்கு இருப்பது ஓர் ஓட்டு வீடும், அதன் பின்னால் ஆறு சென்ட் கொல்லையும். உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலம் போகிற நெடுஞ்சாலையில் ஓடும் பஸ்களின் சத்தம் அந்தக் கொல்லை வரைக்கும் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஆடி மாதத்தில் விதை ஊன்றினேன். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை தாராளமாகப் பெய்தது. மார்கழியில் கொல்லை என்னைத் திணற அடித்துவிட்டது.

என்னென்ன இருந்தன என்று சொல்லிவிடுகிறேன். சொல்வதில் எனக்கு ஒரு சந்தோஷம். பந்தலில் அவரை, புடலை, பீர்க்கு. கீழே வெண்டை இரண்டு பாத்தி, கத்தரி இரண்டு பாத்தி, தக்காளி ஒரு பாத்தி. வேலியில் யாரும் அழைக்காமல் ஏறிக்கொண்ட பாகல். குப்பைக்குழி ஓரத்தில் பரங்கிக்கொடி. கிணற்றடியில் கறிவேப்பிலை, முருங்கை, எலுமிச்சை. சுவர் மூலையில் ஒரு கொய்யா மரம். மருந்துக்கென்று துளசி, கற்பூரவல்லி, தூதுவளை, பிரண்டை. காலையில் பல் துலக்கிக்கொண்டே ஒரு சுற்று வந்தால், நேற்று விரல் நீளம் இருந்த வெண்டைக்காய் இன்று சாண் நீளம் ஆகியிருக்கும். வளைந்துகொண்டு போகிற புடலங்காயின் நுனியில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் அது நேராக வளர்கிறது. பள்ளிக்கூடப் பையனைப் போல அதை நிமிர்த்துவதில் எனக்கு எத்தனை பெருமை!

இந்தச் சந்தோஷத்தைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்ல வேண்டும். கணக்குப் பார்க்கிறவர்கள் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். விதை, எரு, பந்தல் கட்டிய கூலி, மோட்டார் ஓடிய மின்சாரம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், என் தக்காளி ஒவ்வொன்றும் கடைத் தக்காளியைவிட விலை உயர்ந்தது. ஆனால் தான் நட்ட செடியிலிருந்து தானே பறித்த காயை, பறித்த ஒரு மணி நேரத்துக்குள் சட்டியில் போடுகிறவனுக்குக் கிடைக்கும் நிறைவைக் கணக்கில் எந்தப் பக்கத்தில் எழுதுவது? கிரேக்க நாட்டு ஞானி எபிக்யூரஸ் ஏதென்ஸ் நகரத்தில் கி.மு. 306-ஐ ஒட்டி ஒரு தோட்டத்தை வாங்கி, அங்கேதான் தன் மாணாக்கர்களுக்கு உபதேசம் செய்தார். அவருடைய பள்ளிக்கே 'தோட்டம்' என்று பெயர் வந்துவிட்டது. இன்பமே வாழ்வின் நோக்கம் என்று சொன்ன அந்த மனிதர், எளிய உணவிலும் நல்ல நட்பிலும் கிடைப்பதைத்தான் இன்பம் என்றார். அவரைக்காய்ப் பொரியலை முன்னால் வைத்துக்கொண்டு அவரை மறுத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஒருவன் தன் கொல்லையின் விளைவை அனுபவிப்பதில் பாவம் ஒன்றும் இல்லை. இது என் முதல் தீர்மானம். இந்தத் தீர்மானத்தோடு நான் நின்றிருந்தால் இந்தக் கட்டுரை எழுத வேண்டிய அவசியம் வந்திராது.

வந்ததற்குக் காரணம், வீட்டில் இருப்பவர்கள் நாங்கள் இரண்டே பேர் என்பதுதான்.

இரண்டு பேர் எவ்வளவு அவரைக்காய் தின்ன முடியும்? திங்கட்கிழமை பொரியல், செவ்வாய்க்கிழமை கூட்டு, புதன்கிழமை சாம்பார். வியாழக்கிழமை இலையைப் பார்த்ததும் எனக்கே சலித்துவிட்டது. செடிக்குச் சலிப்பு இல்லை. காய்கறிச் செடிகளில் ஒரு விசித்திரம் உண்டு. வெண்டையையும் அவரையையும் முற்றவிட்டால் செடி, விதை கிடைத்தாயிற்று என்று பூப்பதைக் குறைத்துக்கொள்கிறது. பிஞ்சிலேயே பறித்துவிட்டால், விதைக்காக மறுபடி பூக்கிறது, மறுபடி காய்க்கிறது. பறிக்கப் பறிக்கக் காய்க்கும் என்று நம் பாட்டிமார்கள் சொன்னது வெறும் வார்த்தையில்லை. இதைப் பார்த்து, 'கொடுக்கக் கொடுக்கப் பெருகும்' என்று ஒரு நீதி சொல்லிவிடலாம்தான். ஆனால் செடிக்குத் தர்மம் தெரியாது. அதன் கவலை அதன் விதைதான். நம்முடைய நீதியைச் செடியின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

ஆகவே, மிஞ்சியதை வழங்கத் தொடங்கினேன். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு ஒரு பை. அடுத்த வீட்டு வங்கி ஊழியருக்கு ஒரு பை. மருந்துக் கடைக்காரருக்கு ஒரு பை. தெருமுனை வீட்டுக்கு இரண்டு பை, அங்கே குழந்தைகள் அதிகம். காலை எட்டு மணிக்குள் இந்த விநியோகம் முடிந்துவிடும். 'சார் கை ராசியான கை' என்றார்கள். 'இந்தக் காலத்தில் யார் இப்படிக் கொடுக்கிறார்கள்!' என்றார்கள். கொடுத்தனுப்பிய பைகள் வெறுமையாகத் திரும்புவதில்லை. ஒரு வீட்டிலிருந்து அதிரசம் வந்தது, இன்னொரு வீட்டிலிருந்து ஊறுகாய் வந்தது. எனக்கு உள்ளூர ஒரு மிதப்பு ஏற்பட்டிருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

ஒரு நாள் காலையில் என் மனைவி, நான் பைகளைக் கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"நீங்க தர்மம் பண்றீங்களா, இல்லே வீட்டைக் காலி பண்றீங்களா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று முழுவதும் அந்தக் கேள்வி காலில் தைத்த நெருஞ்சி முள்ளாக உறுத்திக்கொண்டிருந்தது.

அந்த வாரத்தில்தான் கொய்யா விவகாரம் நடந்தது.

சனிக்கிழமை காலை. கொல்லைப் படலைத் தள்ளுகிற சத்தம் கேட்டுப் போனேன். எட்டு ஒன்பது வயதுப் பையன் ஒருவன், சட்டை மடிப்பில் எதையோ சுருட்டிப் பிடித்துக்கொண்டு வெளியேறிக்கொண்டிருந்தான். நான் அதட்டினேன். அவன் நின்றுவிட்டான். மடியில் மூன்று கொய்யாப் பழம்.

"யாரைக் கேட்டு உள்ளே வந்தே?"

"கீழ கெடந்துதுங்க. கீழ கெடந்ததத்தான் எடுத்தேன்."

"கீழே கிடந்தா உன்னோடதா?"

அவன் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு ஒரு குழந்தை பதில் சொல்ல முடியாதுதான். நானே இத்தனை நாள் யோசித்தும் சரியான பதில் சொல்ல முடியவில்லை. அன்றைக்கோ எனக்குக் கேள்வியே பதில்போல இருந்தது. இனிமேல் இந்தப் பக்கம் பார்த்தால் காலை ஒடித்துவிடுவேன் என்று, பெரியவர்கள் குழந்தைகளிடம் சொல்லும் அந்த அசட்டு வார்த்தையையும் சொல்லி அனுப்பினேன். பழத்தை அவன் கையிலிருந்து பிடுங்கவில்லை. அந்த மட்டில் என்னைக் கண்ணியமானவன் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வாசலில், "ஐயா" என்று குரல் கேட்டது. எங்கள் தெருவுக்குப் பல வருஷமாகக் கூடை தூக்கிவரும் ஆயா. கீரையும் காயும் விற்கிறவள். பையன் அவளுடைய பேரன் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கூடையை இறக்கி வைத்து, முந்தானையில் முடிந்திருந்ததை அவிழ்த்தாள். அந்த மூன்று கொய்யாப் பழம். கழுவித் துடைத்திருந்தாள்.

"பையன் தெரியாம எடுத்துட்டாங்க ஐயா. கோச்சுக்காதீங்க."

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் இப்போது தெரியும். அப்போது, "பரவாயில்லை ஆயா, பையனைக் கண்டிச்சு வை" என்று சொல்லி, அந்த மூன்று பழத்தையும் கையில் வாங்கிக்கொண்டேன். அவள் கூடையைப் பார்த்தேன். அவரைக்காய் முக்கால்வாசி அப்படியே கிடந்தது.

"என்ன ஆயா, இன்னிக்கு வியாபாரம் ஆகலையா?"

"இந்தத் தெருவுல இந்த மாசம் யாரும் வாங்கறதில்லீங்க. ஐயா எல்லாருக்கும் குடுக்கறீங்களாம். நல்லா இருங்க. உங்க கொல்ல இன்னும் காய்க்கணும்."

அவள் குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். மனதார வாழ்த்திவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

இரண்டு நாள் கழித்துக் கொய்யா மரத்தடியைப் பெருக்கினேன். உதிர்ந்த பழங்கள் ஒரு கூடைக்கு மேல் சேர்ந்தன. பழ ஈ குத்தி, உள்ளே புழு நெளிந்து, தொட்டால் கூழாகிற பழங்கள். அவ்வளவையும் குப்பைக்குழியில் கொட்டினேன். ஆயா கழுவித் துடைத்துத் திருப்பித் தந்த மூன்று பழங்கள் சமையலறை மேடையில் யாரும் தொடாமல் வாடிக்கொண்டிருந்தன.

ஜான் லாக் என்ற ஆங்கிலத் தத்துவ அறிஞரை நம்மில் பலர் கல்லூரியில் பெயரளவில் படித்திருப்போம். தனிச் சொத்துரிமைக்கு நியாயம் தேடித் தந்தவர் என்று அவரைச் சொல்வார்கள். 1689-இல் வெளிவந்த நூலில் அவர் சொல்லும் வாதம் எளிமையானது. பூமியும் அதன் கனிகளும் எல்லோருக்கும் பொது. ஒருவன் தன் உழைப்பை அதில் கலக்கும்போது அது அவனுடையதாகிறது. இவ்வளவும் பலருக்கு நினைவிருக்கும். ஆனால் அதோடு சேர்த்து அவர் ஒரு வரம்பும் கட்டினார். பயன்படுத்துவதற்கு முன் கெட்டுப்போகும் அளவுக்கு ஒருவன் சேர்த்துக்கொண்டால், அவன் தன் பங்கை மீறி அடுத்தவன் பங்கில் கை வைத்தவனாகிறான் என்றார். சொத்துரிமையின் வக்கீல் என்று பேர் வாங்கியவரே, அழுகிய பழத்தின் முன்னால் என் கட்சியில் நிற்கவில்லை. அவர் கணக்குப்படி பார்த்தால், அந்தச் சனிக்கிழமை கொல்லையில் இரண்டு பேர் நின்றோம். அவர்களில் திருடன் எட்டு வயதுக்காரன் அல்ல.

காந்தியடிகள் இன்னும் ஒரு படி மேலே போனார். எரவாடா சிறையிலிருந்து 1930-இல் ஆசிரமவாசிகளுக்கு எழுதிய கடிதங்களில், தனக்குத் தேவையில்லாததை எடுத்து வைத்துக்கொள்வதும் களவே என்று கள்ளாமைக்கு விளக்கம் சொன்னார்.

'உழைத்தேன், ஆகவே என்னுடையது' என்கிற வாதத்தையும் நான் சோதித்துப் பார்த்தேன். உண்மையிலேயே நான் எவ்வளவு உழைத்தேன்? பரங்கியிலும் பீர்க்கிலும் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. வண்டும் தேனீயும் மகரந்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால் ஒரு பிஞ்சும் நிற்காது. அவற்றுக்கு நான் கூலி கொடுத்ததில்லை. மழைக்கு ரசீது இல்லை. விதைகளோ? கத்தரி நம் நாட்டுச் செடி. தக்காளி, மிளகாய், கொய்யா, பரங்கி எல்லாம் அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடி உழவர்கள் ஆயிரக்கணக்கான வருஷங்களாகப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்தவை. கொலம்பஸ் 1492-இல் கடல் கடந்த பிறகு கப்பலேறி நம் பக்கம் வந்தவை. பரங்கிக்காய் தன் பெயரிலேயே அந்தக் கதையைச் சுமந்துகொண்டிருக்கிறது. அந்த உழவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. மண் என் தகப்பனார் விட்டுப் போனது. இவற்றையெல்லாம் கழித்துவிட்டு, என் உழைப்பு என்று மீதி இருப்பதை எடை போட்டால், ஒரு கூடைக் கொய்யாவின் எடைகூடத் தேறாது.

இப்படிச் சொல்வதால், படலைத் திறந்துவிட்டு யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எடுத்துப் போகட்டும் என்று சொல்வதாக நினைக்க வேண்டாம். வேலி இல்லாத கொல்லையில் விதை போட யாருக்கும் மனம் வராது. கிளையை ஒடிக்கிற கை எது, பழத்தைப் பறிக்கிற கை எது என்று மரத்துக்குத் தெரியாது. காவல் என்று ஒன்று இல்லாமல் விளைவு இல்லை. விளைவு இல்லாமல் கொடையும் இல்லை. கேள்வி வேலி வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. வேலிக்கு உள்ளே மிஞ்சுவது யாருடையது என்பதே.

இதற்கு ஒவ்வொரு சமுதாயமும் ஏதோ ஒரு விடை தேடியிருக்கிறது. எங்கள் ஊரில் முஸ்லிம் நண்பர் ஒருவர், தங்கள் மார்க்கத்தில் விளைச்சலுக்கு உரிய தர்மத்தைப் பற்றிச் சொன்னார். மழையில் விளைந்ததில் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சி விளைந்ததில் இருபதில் ஒன்று ஏழைகளுக்கு உரியது. காய்கறிக்கும் இது உண்டா என்பதில் அவர்களுடைய அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை உண்டாம். இருந்தாலும் அந்தக் கணக்கின் நுட்பத்தைப் பாருங்கள். மனிதன் எவ்வளவு குறைவாக உழைத்தானோ அவ்வளவு அதிகமாகக் கொடுக்க வேண்டும். வானம் தந்ததில் பங்கு கூடுதல். கை தந்ததில் பங்கு குறைவு.

நம் பக்கத்துக்கு வருவோம். எங்கள் ஊரிலிருந்து வடக்கே போனால் தென்பெண்ணைக் கரையில் திருக்கோவிலூர். 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது அதுவும் எங்கள் மாவட்டத்தோடு சேர்ந்தது. அங்கே ஆற்றுக்குள் ஒரு பாறை. பாரி இறந்த பிறகு அவனுடைய மகளிருக்கு வாழ்வு தேடிக் கொடுத்துவிட்டுக் கபிலர் உயிர் நீத்த இடம் என்று அதைச் சொல்கிறார்கள். பாரி முல்லைக்கொடிக்குத் தேரைக் கொடுத்தவன். அவனுடைய பறம்பு மலை உழாமலே நான்கு பொருள் தரும் என்று கபிலர் புறநானூற்றில் பாடியிருக்கிறார்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். அப்படிப்பட்ட வளத்தில் வாழ்ந்தவன் கொடுத்தான் என்பதில் என்ன வியப்பு என்று நான் முன்பு நினைத்ததுண்டு. இப்போது வேறு விதமாகத் தோன்றுகிறது. பாரியிடம் பலாப்பழம் மிஞ்சியிருக்கும், தேன் மிஞ்சியிருக்கும், தேர் மிஞ்சியிருக்கவில்லை. தான் ஏறிவந்த தேரை அல்லவா விட்டுவிட்டு நடந்தான்! தகடூர் அதியமான் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனியும் அப்படித்தான். அவனிடம் அது ஒன்றுதான் இருந்தது. ஒரு கூடை நெல்லிக்காய் இருந்து, அதில் ஒன்றைக் கொடுத்திருந்தால் ஈராயிரம் ஆண்டு கழித்து நாம் அதைப் பேசிக்கொண்டிருப்போமா?

என் மனைவி கேட்ட கேள்விக்கு இங்கே ஒரு பாதி விடை கிடைத்தது. நான் செய்தது காலி பண்ணுவதுதான். மற்றப் பாதி விடையை வள்ளுவரிடம் பெற்றுக்கொண்டேன். ஈகை என்ற அதிகாரத்தைத் தொடங்கும்போதே அவர், இல்லாதவர்க்குக் கொடுப்பது ஒன்றே கொடை. மற்றதெல்லாம் அளந்து கொடுத்து அளந்து வாங்கும் கைமாற்று என்கிறார். ஆசிரியர் வீட்டு அதிரசமும் மருந்துக் கடைக்காரர் வீட்டு ஊறுகாயும் என் நினைவுக்கு வந்தன. அவை இனிய பண்டமாற்று, அதில் தவறில்லை. அக்கம்பக்கத்தார் அப்படித்தான் பழக வேண்டும். ஆனால் அதற்குத் தர்மம் என்று பெயர் வைத்துக்கொண்டது நான்.

வள்ளுவர் செய்த இன்னொன்றும் என்னை வெகு நேரம் யோசிக்க வைத்தது. உள்ளதைப் பகுத்து உண்டு பல உயிரையும் காப்பதுதான், நூல் செய்தவர்கள் தொகுத்த அறங்களுக்கெல்லாம் தலைமையானது என்று அவர் சொன்னது எல்லோருக்கும் தெரியும். அதை எந்த அதிகாரத்தில் சொன்னார் என்று பலரிடம் கேட்டுப் பார்த்தேன். ஈகை என்றார்கள், விருந்தோம்பல் என்றார்கள். இரண்டும் இல்லை. கொல்லாமை என்ற அதிகாரத்தில் வைத்திருக்கிறார். பகுத்துத் தராமல் இருப்பதைக் கஞ்சத்தனம் என்று அவர் சொல்லவில்லை. கொலைக்குப் பக்கத்திலே அல்லவா கொண்டுபோய் வைத்துவிட்டார்! நான் ஒரு காயைக்கூட ஒளித்து வைக்கவில்லை. ஆனால் நான் கொடுத்த கொடையே ஒரு கூடைக்காரியின் ஒரு மாதத்துப் பிழைப்பை அரித்துவிட்டது. இருக்கிறவர்களுக்கே வாரி வழங்கி, இல்லாதவளின் அடுப்பில் தண்ணீர் ஊற்றியிருந்தேன். என் தெருவில் என்னைத் தவிர எல்லோரும் இதைக் கவனித்திருக்கலாம், ஒருவரும் சொல்லவில்லை. இலவசமாக வருகிற அவரைக்காய் எவர் வாயையும் அடைத்துவிடும்.

எங்கள் பகுதியிலிருந்து வெகு தூரம் இல்லை வடலூர். அங்கே இராமலிங்க அடிகள் 1867 மே 23 அன்று தொடங்கிய சத்திய தருமச்சாலையில், அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பக்கத்து ஊர் விவசாயிகள் அரிசியும் காய்கறியும் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். மிஞ்சியதை ஒரு மூட்டையாகக் கட்டி அங்கே அனுப்பிவிடலாமா என்று நினைத்தேன். நல்ல காரியம்தான். ஆனால் அப்படி நினைத்த அந்த நிமிஷத்திலேயே, ஆயாவின் முகத்தைப் பார்க்காமல் தப்பிப்பதற்கு நான் வழி தேடுகிறேன் என்பதும் தெரிந்துவிட்டது. தூரத்துத் தர்மம் சுலபம். அங்கே யாரும் நம்மிடம் கொய்யாப் பழத்தைத் திருப்பித் தரமாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஆயாவை வழிமறித்தேன்.

"ஆயா, கொல்லையில் நிறைய மிஞ்சுது. நீ வந்து பறிச்சுக்கிட்டுப் போய் வித்துக்கோ."

"என்ன வெலை சொல்றீங்க ஐயா?"

"விலையெல்லாம் வேண்டாம். மிஞ்சுறதுதானே!"

அவள் கூடையைத் தலையிலிருந்து இறக்கவில்லை. என்னை ஒரு தரம் பார்த்தாள்.

"மிஞ்சறதுன்னா மாட்டுக்குப் போடுங்க ஐயா. நான் யாவாரம் பண்றவ. எனக்குன்னா வெலை சொல்லுங்க."

நான் படித்த புத்தகங்களில் இந்த இரண்டு வரி இல்லை. மிஞ்சியதைப் பெறுகிறவன் என்ன ஆகிறான் என்பதை, கொடுக்கிறவர்கள் எழுதிய நூல்களில் தேடினால் கிடைக்குமா? இலவசமாக வாங்கினால் நாளைக்கு நான் என்ன சொன்னாலும் அவள் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். பையனை அதட்டினாலும் தலை குனிந்து நிற்க வேண்டியிருக்கும். விலை கொடுத்தால் அவளும் நானும் நேருக்கு நேர். அவள் கேட்டது காய் அல்ல, அந்த நேர் நிலை.

பேரம் நடந்தது. அவளே சொன்னாள்: ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவளே வந்து பறிப்பாள், விற்றதில் பாதி எனக்கு, பாதி அவளுக்கு. ஒப்புக்கொண்டேன். பிறகு தயங்கித் தயங்கிப் பையனைப் பற்றிப் பேச்செடுத்தேன். கொய்யாவை அவன் எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்றேன். அதற்கும் அவள் ஒரு திருத்தம் வைத்திருந்தாள்.

"மரத்தடியில நின்னு தின்னட்டும் ஐயா. மடியில கட்டிக்கிட்டு வரக்கூடாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் இதே சட்டத்தை நான் வேறோர் இடத்தில் படித்திருக்கிறேன். கிறிஸ்தவர்களுக்கும் யூதர்களுக்கும் வேதமான உபாகமத்தில், பிறனுடைய திராட்சைத் தோட்டத்துக்குள் போகிறவன் பசியாறத் தின்னலாம், பாத்திரத்தில் போட்டு எடுத்துப் போகக்கூடாது என்று விதித்திருக்கிறது. பசிக்கு ஓர் உரிமை உண்டு. சேர்த்து வைப்பதற்கு அந்த உரிமை இல்லை. பாலைவனத்து மக்களுக்குச் சொல்லப்பட்ட நீதியை, எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் ஊர் ஆயா தானாகவே கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். கூடை தூக்கிப் பிழைப்பவளுக்குத்தான் வாய்க்கும் மடிக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகத் தெரியும் போலும்.

இந்த ஏற்பாட்டினால் எனக்கு ஒரு நஷ்டமும் ஏற்பட்டது. அதையும் சொல்லாவிட்டால் நான் ஏதோ பெரிய தியாகி என்று நீங்கள் நினைத்துவிடக்கூடும். காலை விநியோகம் நின்றது. ஒரு வாரம் கழித்து எதிர்வீட்டு ஆசிரியர், "என்ன சார், இந்த வாரம் அவரை வரலையே?" என்றார். "ஆயா கூடையில் வரும் சார், வாங்கிக்குங்க" என்றேன். அவர் முகம் கொஞ்சம் மாறியது. தெருவில், 'சார் இப்போது காயை விற்க ஆரம்பித்துவிட்டாராம்' என்று பேசிக்கொள்வதாக என் மனைவி கேட்டு வந்து சொன்னாள். வள்ளல் என்ற பெயர் போய், வியாபாரி என்ற பெயர் வந்தது. முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. பெயர் போகிற இடத்தில் வலிக்கிறதென்றால், இத்தனை நாள் நான் பைகளில் கட்டிக் கொடுத்ததற்கு ஈடாக வாங்கிக்கொண்டிருந்தது அந்தப் பெயரைத்தான் என்று தெரிந்துகொண்டேன்.

ஆனால் எல்லாவற்றுக்கும் விலை வைத்துவிடவில்லை. துளசி, கற்பூரவல்லி, தூதுவளை ஆகியவற்றுக்கு விலை பேச ஆயாவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. குழந்தைக்குச் சளி என்று எந்த வீட்டிலிருந்து யார் வந்தாலும், கேட்காமலே பறித்துக்கொண்டு போகலாம். மருந்துக்கு வருகிறவர்களை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை.

ஆயா பறிக்க வந்த பிறகு ஒரு வேடிக்கை. நான் காய் பெரிதாகட்டும் என்று விட்டு வைப்பேன். அவள் பிஞ்சாகப் பார்த்துப் பறிக்கிறாள், பிஞ்சுக்குத்தான் விலை. அதனால் செடிகள் முன்னைவிட அதிகமாகக் காய்க்கின்றன. அவள் வாழ்த்து பலித்துவிட்டது. பாகற்காயில் மிஞ்சியதை நறுக்கி உப்பிட்டு வெயிலில் வற்றலாக்கி வைக்கலாம் என்று என் மனைவிக்குப் பக்குவமும் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்து மரத்தடியில் நின்று தின்கிறான். என்னைக் கண்டால் இன்னும் சற்றுத் தள்ளியே நிற்கிறான். காலை ஒடிப்பேன் என்ற வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்வதற்கு ஒரு பருவம் போதாது.

இப்போது தை முடியப் போகிறது. மாசியில் அவரை ஓயும். பங்குனியில் பந்தல் காயும். சித்திரை வெயிலில் கிணறு அடிமண்ணைக் காட்டும்போது, என் கொல்லையில் கறிவேப்பிலையைத் தவிர வேறு ஒன்றும் இருக்காது. அப்போதும் ஆயா எங்கிருந்தோ காய் வாங்கிக்கொண்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வருவாள். கத்தரிக்காய் விலை அன்று ஏறியிருக்கும். கையில் நிறைந்திருந்தபோது பையில் கட்டி வீசியவன், அன்றைக்குக் கால் கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைத்துக் கேட்பானா, சொன்ன விலையைக் கொடுத்து வாங்குவானா?

மிஞ்சிய காலத்தில் நான் எப்படி நடந்துகொண்டேன் என்று எழுதிவிட்டேன். அதற்குத் தீர்ப்பு சொல்லப்போவது சித்திரை மாதம்.